அரசுப் பள்ளிகளும் சட்டங்களும்: தமிழ்நாட்டு ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"சார், புதுசா ஒரு ஜி.ஓ. வந்திருக்காமே?" என்னிடம் வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாதிப் பக்கப் படம் ஒன்று கையில் இருக்கும். எண் தெரியும், நாள் தெரியாது. விசாரித்துப் பார்த்தால் அது அரசாணையாகவே இருக்காது. கீழ்நிலை அலுவலகம் ஒன்று அனுப்பிய செயல்முறைக் கடிதமாக இருக்கும். அதை நம்பி ஓர் ஆசிரியை இரண்டு நாள் தூங்காமல் இருந்திருப்பார்.

அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழக்கறிஞன் அல்ல. ஆனால் எந்தத் தாளுக்கு எவ்வளவு பலம் என்று தெரியாததால் நல்ல ஆசிரியர்கள் பயந்து ஒடுங்குவதையும், பெற்றோர் தங்களுக்கு உரிமையுள்ளதைக் கெஞ்சிக் கேட்பதையும் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தத் தொகுப்பு.

சட்டம், விதி, அரசாணை, செயல்முறைகள்: எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சட்டம் என்பது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ நிறைவேற்றியது. அதை மாற்ற மறுபடியும் அங்கேதான் போக வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்ல வேண்டும். விதிகள் இரண்டு வகை. ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்த அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் அரசு எழுதும் விதிகள் ஒரு வகை. 2011-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கல்வி உரிமை விதிகள் அப்படிப்பட்டவை. அரசியல் சாசனத்தின் 309-வது பிரிவின்படி வரும் பணி விதிகள் இன்னொரு வகை. உங்கள் நியமனம், பதவி உயர்வு, முன்னுரிமை (சீனியாரிட்டி) எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் அடங்கும்.

அரசாணை என்பது துறைச் செயலாளர் ஆளுநரின் பெயரால் வெளியிடுவது. 'அரசாணை (நிலை)' என்று தலைப்பில் இருந்தால் கொள்கை அளவில் நீடிக்கக்கூடிய முடிவு. '(வாலாயம்)' என்றிருந்தால் அன்றாட நிர்வாக விஷயம். இதற்கும் கீழே இயக்குநர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் ஆகியோர் 'ந.க.எண்' போட்டு அனுப்பும் செயல்முறைகள். நாம் 'ப்ரொசீடிங்ஸ்' என்று சொல்வது இதைத்தான்.

கீழே உள்ளது மேலே உள்ளதை மீற முடியாது. செயல்முறைக் கடிதம் அரசாணைக்கு எதிராக இருக்கக் கூடாது, அரசாணை விதிக்கு எதிராகவும் விதி சட்டத்துக்கு எதிராகவும் இருக்கக் கூடாது. ஆகவே ஒரு தாள் கையில் வந்தால் கடைசிப் பத்தியை விட்டுவிட்டு முதலில் 'பார்வை' என்ற பகுதியைப் பாருங்கள். எந்த அரசாணையை, எந்த விதியை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள் என்பது அங்கே இருக்கும். ஆதாரமே இல்லாமல் உத்தரவு மட்டும் இருந்தால், "எந்த விதியின் கீழ்?" என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மரியாதையாகக் கேட்டால் அது ஒழுங்கீனம் ஆகாது.

சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் எங்கள் முன்னுரிமையை மாற்ற முடியுமா?

முடியும், நடந்தும் இருக்கிறது. 2023 டிசம்பர் 21-ல் வந்த அரசாணை எண் 243-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் கல்வியில் அதுவரை ஊராட்சி ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமையை அது மாநில அளவுக்குக் கொண்டுபோனது. பணி விதித் திருத்தம்தான், சட்டத் திருத்தம் அல்ல. சட்டமன்ற வாக்கெடுப்பு அதற்குத் தேவையில்லை. சொந்த ஒன்றியத்தில் பதவி உயர்வு கிடைக்கும் என்று இருபது வருடம் காத்திருந்தவர்கள், குறிப்பாகக் குடும்பப் பொறுப்புள்ள ஆசிரியைகள், பதவி உயர்வு வேண்டுமென்றால் தொலைதூர மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்குமோ என்று கலங்கினார்கள். சங்கங்கள் தெருவுக்கு வந்தன.

மாநில முன்னுரிமை தவறு என்றோ சரி என்றோ இங்கே நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கையைத் திருப்பிப் போடும் மாற்றம் முன்கூட்டி வரைவாக வெளியிடப்பட்டு, கருத்துக் கேட்ட பிறகு வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கல்வி மாநில அரசின் அதிகாரமா, ஒன்றிய அரசின் அதிகாரமா?

இரண்டுக்கும் உண்டு. முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. அவசரநிலைக் காலத்தில், 1976-ல் கொண்டுவந்த 42-வது திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அன்றிலிருந்து இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம். இரண்டும் மோதினால் அரசியல் சாசனத்தின் 254-வது பிரிவின்படி ஒன்றியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமென்றால் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

நீட் விலக்கு மசோதா பட்ட பாடு இதனால்தான். நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2021 செப்டம்பர் 13-ல் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 8-ஆம் தேதி சிறப்புக் கூட்டம் கூட்டி மீண்டும் நிறைவேற்றி அனுப்பினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்ற செய்தியை 2025 ஏப்ரல் 4-ல் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். முதல் தடவை மசோதா நிறைவேறியபோது பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை, முடிவு தெரியும் முன்பே பள்ளியை விட்டு வெளியேறிவிட்டது.

மசோதா நிறைவேறிவிட்டது என்று செய்தி வந்தால் அடுத்த நாளே அமலா?

அவசரப்படாதீர்கள். ஆளுநர் ஒப்புதல், அரசிதழில் வெளியீடு, நடைமுறைக்கு வரும் நாள் என்று மூன்று படிகள் இருக்கின்றன. தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2018-ல் நிறைவேறியது; விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023-ல்தான். இடையில் அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் பலர் பழைய 1973-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது என்று நினைத்துக் குழம்பினார்கள். புதியது நடைமுறைக்கு வரும் நாள் வரை பழையதே உயிரோடு இருக்கும்.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு எப்படி வந்தது? என் பிள்ளைக்குக் கிடைக்குமா?

சமீப ஆண்டுகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வாழ்க்கையை நேரடியாக மாற்றிய மாநிலச் சட்டம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. மருத்துவ இடங்களில் 7.5 சதவீதத்தை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் மசோதா 2020 செப்டம்பர் 15-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் ஒப்புதல் வரவில்லை. அக்டோபர் 16-ல் நீட் முடிவுகள் வந்துவிட்டன, கலந்தாய்வு நெருங்கியது. எங்கள் பள்ளி வட்டாரத்தில் அந்த இரண்டு வாரமும் எல்லோரும் செய்தியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்டோபர் 29-ல் அரசு அரசியல் சாசனத்தின் 162-வது பிரிவின்படியான தன் நிர்வாக அதிகாரத்தைப் பயன்படுத்தி அரசாணை வெளியிட்டது. மறுநாளே ஆளுநரின் ஒப்புதலும் வந்தது. சட்டத்துக்குக் காத்திருக்க நேரமில்லாதபோது அரசாணை பாலமாக நின்றதற்கு இது நல்ல உதாரணம். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே 7.5 சதவீதம் தனிச் சட்டமாக வந்தது.

தகுதி: 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு போன்ற துறைகளின் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளே. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்து மேல்நிலை முடித்தவர்களுக்கும் இடம் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இல்லை. அந்தப் பள்ளிகளில் படிப்பவர்களும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே என்பதால் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஆனாலும் சட்டத்தின் வரையறை அதுதான்.

ஒரு வேண்டுகோள். ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே இதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் ஒரு வருடம் மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுத் திரும்பி வந்த பிள்ளையின் தந்தைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இதைச் சொல்ல வேண்டி வந்தது. அப்படி ஒரு நிலை இன்னொரு தலைமை ஆசிரியருக்கு வரக் கூடாது.

தமிழ்ப் பாடம் கட்டாயம் என்பது சட்டமா, கொள்கையா?

சட்டம். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006. 2006-07-ல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. மொழிச் சிறுபான்மை மாணவர்கள் அவ்வப்போது நீதிமன்றம் வழியாகத் தேர்வு விலக்கு பெற்றிருக்கிறார்கள்.

இருமொழிக் கொள்கைக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1968 ஜனவரி 23-ல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் அது.

சட்டமன்றம் ஒன்றைச் செய்துவிட்டால் நீதிமன்றம் தலையிட முடியுமா?

சமச்சீர்க் கல்வியை நினைத்துப் பாருங்கள். மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், மாநிலப் பாடத்திட்டம் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்க 2010-ல் சட்டம் வந்தது. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் தொடக்கத்தில் புதிய அரசு ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து அதை ஒத்திவைத்தது. புத்தகங்கள் அச்சாகிக் கிடந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் போனது, உச்ச நீதிமன்றம் போனது, நிபுணர் குழு அமைந்தது, மறுபடி உயர் நீதிமன்றம் வந்தது. ஜூலை 18-ல் உயர் நீதிமன்றம் திருத்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வகுப்பறையில் புத்தகம் இல்லை. கதை சொன்னோம், பழைய இலக்கணத்தைத் திரும்ப நடத்தினோம், வரைபடம் வரையச் சொன்னோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் "எந்தப் புக்கு சார் வரும்?" என்று தினமும் கேட்டார்கள். நீதிமன்றம் தலையிட முடியும், தலையிட்டது. ஆனால் போன இரண்டு மாதத்தை எந்தத் தீர்ப்பும் அந்தப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி இல்லாமல் பல வருடமாக வேலை பார்க்கிறேன். என்ன ஆகும்?

இப்போது வரும் அழைப்புகளில் மிகுந்த பதற்றத்தோடு வருவது இந்தக் கேள்விதான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 23-வது பிரிவு ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியை நிர்ணயிக்கும் அதிகாரத்தைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்குக் கொடுத்தது. 2010 ஆகஸ்ட் 23-ல் அது வெளியிட்ட அறிவிக்கையில் தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாடு 2011 நவம்பரில் அரசாணை 181 மூலம் அதை ஏற்றது. முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. 2010-க்கு முன்பு பணியில் சேர்ந்தவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்றே இருந்தார்கள். 2023 ஜூன் 2-ல் சென்னை உயர் நீதிமன்றம் பதவி உயர்வுக்கும் டெட் வேண்டும் என்றபோது முதல் அதிர்ச்சி வந்தது.

2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. அதன் சாரம் இது: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும், தவறினால் பணியிலிருந்து விலக வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேர்ச்சி இல்லாமலே ஓய்வு வரை தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. தமிழ்நாடு அரசு மறுசீராய்வு மனு தாக்கல் செய்தது.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 8 வரைதான் பேசுகிறது. முதுகலை ஆசிரியர்கள் இதற்குள் வரமாட்டார்கள். ஆனால் நம் மாநிலத்தில் பட்டதாரி ஆசிரியர் 6 முதல் 10 வரை எடுப்பதால் உயர்நிலைப் பள்ளியில் இருப்பவரும் மாட்டிக்கொள்கிறார்.

நான் எல்லோருக்கும் சொல்வது: வழக்கை நம்பியிருங்கள், ஆனால் வழக்கை மட்டும் நம்பியிருக்காதீர்கள். விண்ணப்பியுங்கள், படியுங்கள். முதல் தாள் 1-5 வகுப்புக்கு, இரண்டாம் தாள் 6-8 வகுப்புக்கு; 150 மதிப்பெண். முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றவரை மறுபடி தேர்வறையில் உட்காரச் சொல்வது வலிக்கத்தான் செய்யும். அன்று இருந்த எல்லாத் தகுதியோடும் முறையாக நியமிக்கப்பட்டவருக்கு நாடாளுமன்றமே சட்டத் திருத்தம் மூலம் விலக்கு தருவதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கோரிக்கையைச் சங்கங்கள் விடாமல் எழுப்ப வேண்டும்.

தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, எமிஸ் பதிவு: எதை மறுக்கலாம்?

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. கல்வி சாராத பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது. விலக்கு மூன்றே மூன்று: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றத் தேர்தல் பணிகள். இந்த மூன்றையும் மறுக்க முடியாது. வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியை விடுமுறை நாட்களிலும் கற்பித்தல் இல்லாத நேரத்திலும்தான் தர வேண்டும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை மேற்கோள் காட்டி வட்டாட்சியருக்குத் தலைமை ஆசிரியர் ஒரு கடிதம் எழுதினாலே பல இடங்களில் பள்ளி நேரம் தப்பிக்கும்.

எமிஸ், அதாவது பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம், சிக்கலான விஷயம். வருகைப் பதிவு கல்வி சார்ந்த வேலை இல்லை என்று வாதாடுவது கடினம். ஆனால் ஒரே விவரத்தை மூன்று படிவத்தில் ஏற்றச் சொல்வதும், சர்வர் வேலை செய்யாததற்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதும் கற்பித்தல் நேரத்தைத் தின்கின்றன. ஆரம்பப் பள்ளிக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம். 6-8 வகுப்புகளுக்கு 220 நாள், 1,000 மணி நேரம் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. இந்த மணிக்கணக்கை முன்வைத்துப் பேசுங்கள். தனிப்பட்ட சலிப்பாகச் சொன்னால் எடுபடாது, பிள்ளைகளின் மணி நேரம் என்று சொன்னால் எடுபடும்.

ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர். இது சட்டப்படி சரியா?

சரி என்பதுதான் வேதனை. 1-5 வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. விகிதக் கணக்கில் 30-க்கு 1 சரியாக வந்துவிடும். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திய ஆசிரியைகளை எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று காட்டிப் பணிநிரவல் செய்வார்கள், அதாவது ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். அப்போது 'வகுப்புக்கு ஓர் ஆசிரியர்' என்பது நம் கோரிக்கையாக இருக்கலாம், ஆனால் இன்றைய சட்டம் 1-5 வகுப்புகளுக்கு அதைத் தரவில்லை. 6-8 வகுப்புகளுக்கு மட்டும் வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர் என்று இருக்கிறது. காலியிடங்கள் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே சட்டத்தின் 26-வது பிரிவு சொல்கிறது. உங்கள் பள்ளியில் காலியிடம் நிரப்பப்படாமல் கிடந்தால் மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

17ஏ, 17பி மெமோ வந்திருக்கிறது. வேலை போய்விடுமா?

முதலில் மூச்சு விடுங்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17ஏ என்பது சிறு தண்டனைக்கான நடவடிக்கை. விளக்கம் பெற்று முடிவெடுப்பார்கள். 17பி பெரிய தண்டனைக்கானது. குற்றச்சாட்டுகளைத் தனித்தனியாக எழுதித் தர வேண்டும், ஆதார ஆவணங்களைக் காட்ட வேண்டும், உங்கள் விளக்கத்தைப் பெற வேண்டும், நேரடி விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டும். 17இ என்பது தற்காலிகப் பணிநீக்கம்; அது தண்டனை அல்ல.

மெமோவை வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கெடு முடிவதற்குள் பதில் கொடுங்கள். ஆவணம் தேவையென்றால் அதைக் கேட்டு எழுதி, கால நீட்டிப்பும் கேளுங்கள். கோபத்தில் எழுதிய விளக்கம்தான் பலருடைய வழக்கைக் கெடுத்தது. ஒரு நாள் கழித்து எழுதுங்கள்.

வேலைநிறுத்தம் செய்ய உரிமை உண்டா?

சங்கம் அமைக்க உரிமை உண்டு. வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமை இல்லை என்று 2003 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது; தமிழ்நாட்டு வழக்கில்தான் சொன்னது. அந்த ஜூலையில் டெஸ்மா எனும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தையும் அதற்கான அவசரத் திருத்தத்தையும் பயன்படுத்தி ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகே திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் காலத்தில் சக ஆசிரியர்களின் வீடுகளில் அடுப்பு எரிந்ததா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அதை அனுபவித்தவர்கள் வேலைநிறுத்தம் என்ற சொல்லை இன்றும் யோசித்துத்தான் சொல்வார்கள்.

ஊதியம் பிடிப்பது வேறு, பணிமுறிவு (பணிக்காலத் தொடர்ச்சி அறுபடுவது) வேறு. கலந்துகொள்ளும் முன் இந்த இரண்டில் எது வரக்கூடும் என்று உங்கள் சங்கத்திடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பிள்ளையைக் கண்டிக்கவே கூடாதா?

கண்டிக்கலாம், அடிக்கக் கூடாது, மனம் புண்பட இழிவுபடுத்தக் கூடாது. 2003-லேயே தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-வது விதி திருத்தப்பட்டு உடல் தண்டனை நீக்கப்பட்டது. பிறகு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு நாடு முழுவதற்கும் தடை விதித்தது. "நாங்க அடி வாங்கித்தான் படிச்சோம்" என்று பெற்றோரே வந்து பிரம்பை ஒப்படைக்கும் ஊர்கள் உண்டு. அவர்கள் அனுமதி உங்களைக் காப்பாற்றாது.

பாலியல் தொந்தரவு பற்றி ஒரு மாணவி சொன்னால்?

உடனே காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். "முதலில் பள்ளிக்குள் விசாரித்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி இது கடமை. மறைத்தால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் இயங்கும். குழந்தை சொன்னதை நம்புங்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள், பெயர் வெளியே போகாமல் காப்பாற்றுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உண்மையில் என்ன அதிகாரம்?

பெரும்பாலான பெற்றோர் நினைப்பதைவிட அதிகம், சிலர் நினைப்பதைவிடக் குறைவு. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, பள்ளியின் செயல்பாட்டையும் மானியச் செலவையும் கண்காணிப்பது இவர்கள் வேலை. ஆசிரியரை மாற்றவோ தண்டிக்கவோ முடியாது. ஆனால் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, கணக்கு ஆசிரியர் இல்லை என்று தீர்மானம் போட்டு அனுப்பினால் அது ஆவணமாகிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அம்மாக்களே, தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மதிய உணவும் காலை உணவும் சட்ட உரிமையா?

மதிய உணவு உரிமை. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8-ஆம் வகுப்பு வரை அதை உறுதி செய்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவு அரசாணையால் வந்த திட்டம். வெறும் வயிற்றோடு வந்து பிரார்த்தனையில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியவர்களுக்கு அந்தத் திட்டத்தின் அருமை தெரியும். அதனால்தான் அதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்கிறேன். திட்டத்தை ஓர் உத்தரவில் சுருக்கிவிடலாம், சட்டத்தை அப்படிச் செய்ய முடியாது.

டி.சி. தர மறுக்கிறார்கள். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கவும் மறுக்கிறார்கள்.

இரண்டும் தவறு. 1-8 வகுப்புகளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும் (கல்வி உரிமைச் சட்டம், 5-வது பிரிவு). அது தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லாததும் காரணமாகாது (14-வது பிரிவு).

ஓர் அரசாணையின் முழு நகல் எனக்கு எப்படிக் கிடைக்கும்?

தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் துறைவாரியாகத் தேடினால் பெரும்பாலான நிலை அரசாணைகள் கிடைக்கும். பள்ளிக் கல்வித் துறை என்று தேர்ந்து, எண்ணும் ஆண்டும் கொடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று மனுவில் கேட்காதீர்கள்; அதற்குப் பதில் வராது. "இந்தச் செயல்முறைகளுக்கு ஆதாரமான அரசாணை அல்லது விதியின் நகல் வேண்டும்" என்று மட்டும் எழுதுங்கள். அஞ்சலில் அனுப்பினால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.